சிவப்பு நூல் கட்டிய குப்பி

ஸ்டேஷன் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும் சார், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ராஜபாளையம். ஆறு வருடமாக அநேகமாக ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து போகிறேன். கண்டக்டர்களுக்கே என்னைத் தெரியும். கிறிஸ்துராஜ் சார் சினிமா பேசப் போகிறார் என்று கேலி செய்வார்கள்.

கேலியில் தப்பில்லை. நாங்கள் ஐந்து பேர் கூடிப் பேசுவது சினிமாதான், அதுவும் விண்வெளிப் படம் மட்டும். பெலிக்ஸ் அண்ணனின் ஸ்டிக்கர் கடைக்கு மேலே இருக்கும் அறைதான் எங்கள் இடம். ராக்கெட், லேண்டர் மாடல்களை கிட் வாங்கி ஒட்டுவோம். ஒட்டிக்கொண்டே சண்டை போடுவோம். காற்றே இல்லாத இடத்தில் வெடிச் சத்தம் கேட்கிற படமெல்லாம் படமா என்று நான் கேட்பேன். சத்தம் இல்லாவிட்டால் எவன் டிக்கெட் எடுப்பான் என்பார் பருத்திக் கமிஷன் கடை நவநீதகிருஷ்ணன். கடைசியில் ஓட்டுப் போட்டால், கப்பலில் ஒரு நாய் போகும் படம் ஒன்று உண்டு, அதுதான் ஜெயிக்கும். ராஜபாளையத்துக்காரர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பெலிக்ஸ் அண்ணனுக்குப் பொல்லாத கண். எட்டடி தள்ளி நின்றே ஒரு எழுத்து சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். அதனால் மாடல்களுக்கு அவர்தான் நடுவர். ஆனால் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் காய்ந்துபோகும். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் தலையை அண்ணாந்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விடுவார். இந்தக் கண்ணில் ஒன்று, அந்தக் கண்ணில் ஒன்று, நடுவில் மூச்சுக்கூட விடமாட்டார்.

காலியான மருந்துக் குப்பியையும் அவர் தூரப் போடுவதில்லை. பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசையை அதில் ஊற்றி வைத்துக்கொள்வார். மூக்கு சன்னமாக இருப்பதால் பசை வழியாமல் இறங்கும். பசையும் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். மேஜையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். எனக்கு அது பயமாக இருந்தது. சத்திரப்பட்டியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் பேண்டேஜ் துணி யூனிட்டில் பண்டல் கட்டுகிற சிவப்பு நூலைக் கொண்டுவந்து, பசைக் குப்பியின் கழுத்தில் நானேதான் கட்டினேன். சிவப்பு நூல் என்றால் பசை. அறையில் எல்லோருக்கும் அது பழகிப்போயிற்று. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அவர் கண் மேல் எனக்கு அக்கறை இருந்தது.

என் மகள் ஷெரினும் என்னோடு வருவாள். கல்லூரி இரண்டாம் வருடம். அவளுக்குத் தாய் இல்லை, நான்தான் எல்லாம். நானும் அவளும் சேர்ந்து ஒரு நிலா லேண்டர் ஒட்டினோம். நாலு காலில் ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டாள். பக்கவாட்டுப் பேனலுக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, காய்வதற்குள் தூக்கியதில் அவளுடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. மறுபடி அடிக்கலாம் என்று பிரஷ்ஷை எடுத்தேன்.

"இருக்கட்டும்ப்பா. நெலாவுக்கு நானும் போனேன்னு ஒரு சாட்சி வேண்டாமா?" என்றாள்.

மூன்று வாரத்தில் டெங்கு. மதுரைக்குக் கொண்டுபோய் ஐந்தாம் நாள் பெட்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தோம். அவள் துணிமணியை எல்லாம் கொடுத்துவிட்டேன். அந்த ரேகையை மட்டும் தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் பார்ப்பேன். என் விரலை அதன் மேல் வைத்ததில்லை, அழிந்துவிடும் என்று பயம்.

மறு வருடம் ஆகஸ்டில் நம் லேண்டர் நிஜமாகவே நிலவில் இறங்கியது, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஒரு மண்டபத்தில் திரை கட்டி, வாசலில் எங்கள் மாடல்களையும் வைத்தோம். ஷெரின் செய்ததை அண்ணன் இரண்டு நாள் முன்னாலேயே வாங்கிப்போயிருந்தார். சாயங்காலம் போய்ப் பார்க்கிறேன், நாலு காலும் சரியாக நிற்கின்றன. பேனல் பளபளவென்று இருக்கிறது. ரேகை இல்லை.

பின்னால் வந்து என் தோளில் கை போட்டார். "ஏலே கிறிஸ்து, கால சரி பண்ணிட்டேன். பேனலையும் மாத்திட்டேன். அந்தப் பழச..." என்று ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் திரையில் லேண்டர் இறங்கிவிட்டது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். அவரும் ஓடிப்போய் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். என்னையும் கட்டிப்பிடித்தார். நானும் கைதட்டினேன்.

என் பிள்ளையை இரண்டாம் தடவை புதைத்தது அவர்தான் என்று எனக்குப் பட்டது. முதல் தடவைக்குக் கடவுள் காரணம், அவரை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் ஸ்டிக்கர் கடைக்காரர். பதினோரு நாள் யோசித்தேன். கோபத்தில் கை ஓங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள் சார், எனக்குக் கோபமே வரவில்லை. எந்தக் கண் அந்த ரேகையைக் குறை என்று பார்த்ததோ அந்தக் கண் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒரு வலியும் அவருக்குக் கொடுக்க நான் ஆசைப்படவில்லை.

அந்த ஞாயிறு நானாகவே ஷெரினுக்குப் பிடித்த படத்தைப் பேச்சில் இழுத்தேன். ஒரு பெண் தனியாகக் கப்பலில் போவாள், கப்பல் திரும்பாது. அவள் அனுப்பிய குரல் பல வருடம் கழித்து வீட்டு ரேடியோவில் வரும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்பார், அத்தோடு படம் முடியும். அண்ணன் அந்தப் படத்தைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பேசாமல் பஸ் ஏறியிருப்பேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

"அம்புட்டு தூரத்துச் சிக்னல் வீட்டு ரேடியோவுக்கு எப்படிலே எட்டும்? அழுகாச்சிப் படம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோரும் நவநீதகிருஷ்ணன் கொண்டுவந்த ராக்கெட்டைச் சுற்றி நின்றார்கள். நான் மேஜையருகில் இருந்தேன். ஒரு குப்பியிலிருந்து நூலை அவிழ்த்து இன்னொன்றில் கட்டினேன். யூனிட்டில் போடுகிற அதே முடிச்சு, கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். நான் செய்தது இவ்வளவுதான். எடுத்ததும் அண்ணாந்ததும் விட்டதும் அவர் கை. பசை நெடி அவரைத் தடுக்கவில்லை, அந்த அறையில் எப்போதும் அந்த நெடிதான். ஒரு கண்ணில் எரிந்ததும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நிறுத்துகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தண்ணீர்க் குடம் கீழே கடையில் இருந்தது. நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன். பதினாறு படி. ஒவ்வொன்றாக இறங்கினேன். குடத்தை மூடி வைத்திருந்தார்கள், மூடியைக் கழுவிவிட்டுத் தூக்கினேன். அந்தக் களேபரத்தில் நூலை மறுபடி பழைய குப்பிக்கே மாற்றிக் கட்டிவிட்டேன். பொறவு உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அவசரத்தில் அவரே மாற்றி எடுத்துவிட்டார் என்று நவநீதகிருஷ்ணன் அழுதுகொண்டே சொன்னார். அண்ணனும் அப்படியேதான் சொன்னார், "கிறிஸ்து நூல் கட்டிக் குடுத்தும் நான் பாக்கலியே" என்று. வலது கண் போயிற்று. இடது கண்ணுக்கு விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியில் அவர் கண்ணுக்கு மேலே வைத்துக் கட்டிய துணி எங்கள் யூனிட் துணிதான், ஓரத்து நெசவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் போனேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். புதுப் படம் வந்தால் நான் பார்த்துவிட்டு அவருக்குக் கதை சொல்வேன். அதில் ஒரு சின்னக் காரியம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முடிவை மாற்றிச் சொன்னேன். பிழைத்து வருகிறவர்களை வழியில் சாகடித்தேன். வீடு திரும்புகிறவர்களுக்கு வீட்டில் யாரும் இல்லை என்றேன். அந்த நாய்ப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது, அதில் நாயையும் கொன்றேன். "இப்பல்லாம் ஏம்லே இப்படியே எடுக்கானுவ?" என்று கேட்பார். கண்ணிலிருந்து தண்ணீர் வடியும். உலகமே இப்படித்தான் ஆகிவிட்டது அண்ணே என்பேன். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்குவேன்.

போன ஞாயிறு அவருடைய மனைவி பரிபூரணம் மதினி மாடி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அதை வாடகைக்கு விடப் போகிறார்கள். கீழே வந்து என் கையில் தீப்பெட்டி அளவு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்தார்.

"ஷெரின் பொறந்த நாளைக்கு ஒங்க கையில குடுக்கணும்னு அவிய செஞ்சு வச்சிருந்தாவ தம்பி. கண்ணு போன பொறவு எங்க வச்சோம்னே தெரியாம, கேக்கவும் வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தாவ."

உள்ளே அந்தத் தங்கப் பேனல் இருந்தது, ரேகையோடு. கீழே அவர் கடையில் வெட்டிய ஸ்டிக்கர் எழுத்து: ஷெரின் விரல், தொட வேண்டாம். கண்காட்சியில் பிள்ளைகள் தொட்டு அழித்துவிடுவார்கள் என்று, தன்னிடம் இருந்த கிட்டிலிருந்து வேறு பேனலைக் கழற்றி மாட்டினாராம். அண்ணன் கட்டிலில் இருந்தபடியே சொன்னார். சொல்லிவிட்டு, "ஷெரினுக்குப் பிடிச்ச அந்தப் படத்தை ஒரு தடவை சொல்லுலே. அன்னைக்குச் சும்மா ஒன்னயச் சீண்டத்தான் அழுகாச்சின்னேன்," என்றார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட வேண்டாம் என்று போட்டிருந்தது, தொடவில்லை. அந்தப் படத்தின் முடிவை மட்டும் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது சார். அதனால் ஞாயிறு வருவதற்குள் உங்களிடம் வந்துவிட்டேன். குப்பியை மாற்றியது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மண்டபத்தில் அந்தக் கைதட்டலுக்கு மேலே அவர் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு அவருக்குக் கண் இருந்திருக்கும்.