பட்டை போட்ட காப்பி

எழுபதுகளில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ராயபுரம் கறிக்கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். கோயிலில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

“காப்பி போட்ட பாவத்துக்கு ரெண்டு கிலோ கறி வாங்க வந்துகீறேன்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“போன வாரம் எம்மவ ஸ்டெல்லாவப் பொண்ணு பாக்க வந்தாங்கல்ல? எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல எவனோ கப்பல்காரன்கிட்ட கத்துகினு வந்து, பட்டை, கிராம்பு, ஏலக்காய்லாம் தட்டிப் போட்டு காப்பி கொதிக்க வச்சாரு. தெருவே மணந்துச்சு.”

“குடிச்சாங்களா?”

“குடிச்சாங்க. பஜ்ஜியத் தொடல. ரொம்ப நேரம் எழுந்திரிக்காம குந்திகினு இருந்தாங்க. அப்புறம் மூஞ்சியத் தூக்கிகினு பூட்டாங்க.”

“இன்னாத்துக்கு?”

“பிரியாணிய உள்ள மறைச்சு வச்சுகினு வெறும் காப்பியக் குடுத்து அனுப்பிட்டோமாம். தரகரு வந்து சொன்னாரு. சம்பந்தம் வேணும்னா இன்னிக்கி ஆக்கிப் போட்டாவணும்.”

“உங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு?”

“பிரியாணி துன்னா நெஞ்சு கரிக்குமாம். மேல ஒரு டம்ளர் அந்தக் காப்பி குடுத்தா சரியாப் பூடும்ன்றாரு. பிரியாணிக்கு வாங்குன பட்டையில பாதிய இப்பவே எடுத்து ஒளிச்சு வச்சுகீறாரு.”