கொம்பு தடித்த டாட்டூ

"காளைக்குக் கொம்பு தடிச்சுப்போச்சுங்களே அக்கா!"

சூலூரிலிருந்து வந்த பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவரின் முன்கையைப் பார்த்துப் பதறினாள். அந்தக் காளையை டாட்டூவாகக் குத்திவிட்டதே அவள்தான்.

"நூலாட்டம் மெல்லிசாத்தானுங்க கோடு போட்டேன்."

"வெயில்ல வேலை செய்யற கை, கோடு பரவிப்போகும்னு அன்னைக்கே சொன்னியே அம்மணி."

"கடைக்கு ஒருக்கா வாங்கக்கா, சரிபண்ணித் தாரேன்."

"ஒண்ணும் பண்ண வேண்டாம்." அவர் வளையல்களை மேலே தள்ளிவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி கையை முன்கம்பியில் வைத்தார்.

"நீ குத்துனப்ப எங்கூட்டுக் காளை கன்னுக்குட்டி. இப்ப ரேக்ளா வண்டிப் பந்தயத்துல பூட்டுனா அதுதான் முந்தி வருது. அதுக்குந்தான் கொம்பு தடிச்சிருச்சு. நீ போட்டது அதுகூடவே வளந்திருக்குது."