சைபர் காட்டிய மீட்டர்

சேவியர் வீட்டு எலுமிச்சை ஊறுகாய்க்கு ஈடாகப் புனேயில் எந்தக் கடையிலும் ஒன்று கிடைக்காது. பதினாறு வருஷமாக மத்தியானத்தில் என் தயிர்சாதத்துக்கு அதுதான் துணை. இன்ஸ்பெக்டர், எங்களுக்குள் ஆரம்பத்திலிருந்தே விரோதம் என்று நேற்று என் வாக்குமூலத்தில் நீங்கள் மராத்தியில் எழுதிக்கொண்டீர்கள். அது தவறு. அதனால் இதைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். மொழிபெயர்க்க யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பட்டாபிராமன். சிஞ்ச்வட்டில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலையில் வாயு மீட்டர்கள் என் பொறுப்பு. உலையில் கரி எரிந்து, புகைபோக்கி வழியாக எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு போகிறது என்று ஒரு மீட்டர் நாள் முழுக்க அளக்கும். அந்த எண்கள் அரசு அதிகாரிகளுக்கும், எங்கள் வார்ப்புகளை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் போகும்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். புகை வரும் குழாயை அடைத்துவிட்டு, அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து விடுவோம். லேபிளில் உள்ள எண்ணை மீட்டர் காட்டினால் சரி. அந்த ஐந்து நிமிஷம் அது முகர்வது சிலிண்டரைத்தான், புகைபோக்கியை அல்ல. சிலிண்டரில் இருக்கும் கார்பன் புகையில் இருப்பதைவிடக் குறைவு. போன வருஷம் அந்த ஐந்து நிமிஷத்தை நான் ஐந்து மணி நேரமாக்கினேன். மேலே இருப்பவர்கள் கார்பன் குறைய வேண்டும் என்றார்கள், குறைந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. கொடுத்ததைப் படித்தது.

சேவியருக்கு உலைப் பராமரிப்பு. உள்ளே போகிற கரி குறையாமல் வெளியே வருகிற கார்பன் எப்படிக் குறையும் என்ற கேள்வி அவனுக்கு எட்டாவது மாதம் வந்தது. ஊறுகாய் பாட்டிலைத் திறந்துகொண்டே சொன்னான்.

"பட்டாபி, நீயே நிறுத்திரு. இல்லைன்னா நான் எழுதிப் போட்டுருவேன், பாத்துக்க. உன் பேரு வராது."

எழுத மாட்டான் என்று நம்பினேன். எழுதினான். அதிகாரிகள் வந்து புகைபோக்கி மீட்டருக்குச் சீல் வைத்தார்கள். புகாரையும் காட்டினார்கள். என் பெயர் இல்லைதான். 'இந்த மீட்டர் காட்டும் எண்களை நம்ப முடியாது' என்று இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன், அவனுடையது.

எனக்கு வலித்தது. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அதுவரை அடுத்தவர் வீட்டுக் கதையாகத்தான் கேட்டிருந்தேன். "அவர் சொல்லிட்டுத்தானே பண்ணினார்?" என்றாள் என் மனைவி சரசா. சொல்லிவிட்டுச் செய்தால் துரோகம் இல்லை என்று ஆகிவிடுமா? மறுநாளும் அவன் ஊறுகாய் கொண்டுவந்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விசாரணை முடியும்வரை மற்ற மீட்டர்கள் என் கையில்தான் இருந்தன. புதன்கிழமை சேவியர் புகைத்தூசி அறைக்குள் இறங்கிச் சுத்தம் பார்க்க வேண்டிய நாள். அங்கே கார்பன் மோனாக்சைடு தங்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கதவருகே இருக்கும் மீட்டர் உள்காற்றை இழுத்து அளக்கும். சைபர் காட்டினால்தான் இறங்கலாம். அந்த மீட்டரைச் சோதிக்கச் சுத்தமான காற்று அடைத்த சிலிண்டர் ஒன்று உண்டு. ஒன்பதே முக்காலுக்கு அதைத் திறந்தேன். மூட மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். என் எண்களை நம்ப முடியாது என்று எழுத்திலேயே கொடுத்தவன் அல்லவா? ஸ்டோரில் கைமீட்டர் ஒன்று சும்மாதான் கிடந்தது. அவன் அதை வாங்கவில்லை. பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான்.

"பட்டாபி, சைபர் காட்டுது. ஆனா நீ சொன்னாத்தான் இறங்குவேன். இறங்கலாமா?"

"இறங்கு" என்றேன்.

வெளியே காவலுக்கு நின்ற ஃபிட்டர் கலியன் கத்தியதும் நான்தான் முதலில் ஓடினேன். அதை எல்லாரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முதலில் சிலிண்டரை மூடினேன். அதன் பிறகு கதவுப் பக்கம் போனேன். மீட்டர் அதற்குள் சரியான எண்ணைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

அவன் நம்பாதது மீட்டரைத்தான் போலிருக்கிறது, என்னை அல்ல. இதை அவன் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்விட்டானே, அதையும் நான் துரோகத்தில்தான் சேர்க்கிறேன்.