ரவுட்டர் லிஸ்ட்டுல ஒரு திருடன்

இல்லம்மா, நெட்டு நல்லாத்தான் வருது. உங்க கம்பெனிக்குப் போன் பண்ணப்போ செவப்பு லைட்டு எரியுதுன்னு சொன்னேன், அது பொய். வேற என்ன சொன்னாலும் ஆள் அனுப்ப மாட்டேங்கறாங்களே! உக்காரு. ரவுட்டர் அந்தா, ஃப்ரிட்ஜ் மேல. நான் சிரிக்கறேன்னு தப்பா எடுத்துக்காத, காலைலேர்ந்து இப்படித்தான் இருக்கேன்.

போன மாசம் ஒரு நாள் இது தானா அணைஞ்சு தானா எரிஞ்சுது. அப்டேட்டாம். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதுலேர்ந்து எந்த போன் இந்த வீட்டுக்குள்ள வந்தாலும், எப்ப வந்துச்சு, எப்பப் போச்சுன்னு ஆப்புல லிஸ்ட்டு போடுது. கேமராவா இருந்தாக்கூட ஒரு துணியைப் போட்டு மூடலாம். இதை எதைப் போட்டும்மா மூடறது?

நான் பல் டாக்டர் க்ளினிக்குல இருபத்திரண்டு வருஷமா வாசல்ல உக்காந்து பேர் எழுதறவ. இந்த ஊர்ல யாருக்குக் கட்டுப்பல்லு, எந்தப் பெரிய மனுஷன் ஊசியைப் பாத்து மயங்கி விழுந்தாருன்னு எல்லாம் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விட்டதில்ல. அவர் போய்ச் சேந்தும் ஒன்பது வருஷமாச்சு. நீங்க என்னடான்னா, ஊசி போடாமலே எல்லாத்தையும் புடுங்கறீங்க.

ஆப்பு என் போன்ல இல்லம்மா, அதான் வினையே. கனெக்‌ஷன் என் பையன் பேர்ல. ஒரே பையன், வேற ஊர்ல இருக்கான். தினம் சாயங்காலம் கூப்பிட்டு, சாப்டியாம்மா, கதவைப் பூட்டினியாம்மான்னு கேக்காமத் தூங்க மாட்டான். அப்டேட்டு வந்த முதல் வாரமே கூப்பிட்டுட்டான். அம்மா, செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு போன் நம்ம வைஃபைல ஏறுது, நாலரைக்கு இறங்குது, எவனோ நெட்டைத் திருடறான்னான். அடப்பாவி, எவன்டா அதுன்னேன். வேற என்ன சொல்ல?

உடனே பாஸ்வேர்டை மாத்தினான். மாத்திட்டு, யார்கிட்டயும் சொல்லிடாதம்மான்னு என்கிட்டயே சொன்னான்! வெள்ளிக்கிழமை அந்த ஆளு வந்து, என்ன சிக்னலே காணோம்னாரு. பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன். பையன் மறுபடி மாத்தினான், என்கிட்ட சொன்னான், நான் அவர்கிட்ட சொன்னேன். நாலு தடவை! அவன் நீளமா நீளமா வெக்கறான், நாங்க ரெண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டி அடிக்கறோம். வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம் போ.

அந்த ஆளா? லிஃப்ட் மெக்கானிக். எங்க க்ளினிக் மாடி லிஃப்ட்டு முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான் கெட்டுப்போகும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை கெட ஆரம்பிச்சுது. நான் ஒண்ணும் கேட்டுக்கல.

சிரிப்புதான், ஆனா பயமும் இருக்கும்மா. ஒரு வருஷமா அவன்கிட்ட சொல்லிடணும்னு வாயைத் திறப்பேன். அவன் சாப்டியாம்மாம்பான், சாப்டேன்டான்னு போனை வெச்சுடுவேன். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் தாங்க மாட்டேன். அதுவும் ஒரு டப்பா கோள் மூட்டி அவனுக்குத் தெரியணுமா? அதனால இந்த லிஸ்ட்டை நிறுத்திடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

என்னது? யார் பேர்ல கனெக்‌ஷனோ அவங்கதான் நிறுத்தணுமா? நல்லாருக்கே நியாயம்! வீட்டுல இருக்கறது நான், வேவு பாக்கறது நீங்க, அனுமதி அவன் குடுக்கணும்!

சரி, உன் போன்லயாவது காட்டு, என்னதான் எழுதியிருக்குன்னு பாக்கறேன். டிவி. என் போன். இதென்ன, திருடன்னு போட்டிருக்கு? பையன் வெச்ச பேரா? ஐயோ, என்னால முடியல... இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

பேரை மட்டும் நீயே மாத்தலாமா? மாத்தினா அவன் போன்ல எப்பக் காட்டும்? உடனேவா?

ம். அப்ப மாத்தும்மா. பாத்தா அடுத்த நிமிஷம் கூப்பிடுவான், மீதியை நானே என் வாயால சொல்லிக்கறேன். ஆரம்பிக்கறதுதான் எனக்கு வரல. அதுவும் இன்னிக்கே சொல்லியாகணும். காலைல பதினோரு மணிக்குப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம், பல் டாக்டர்தான் சாட்சி. லிஃப்ட்டுக்காரர் தன் துணிமணியை எடுத்துட்டு வரப் போயிருக்காரு. இனிமே லிஸ்ட்டுல ரெண்டு மணிக்கு வந்தாருன்னு இருக்கும், நாலரைக்குப் போனாருன்னு இருக்காது. புள்ள பயந்துடுவான்ல?

அம்மாவோட வீட்டுக்காரர்னு எழுது. எழுதிட்டியா? நான் என் போனைக் கையில எடுத்து வெச்சுக்கறேன், நீ அழுத்தும்மா.