ஏழாம் கட்டிலுக்கு மூன்று ஒன்பது

ராத்திரி இரண்டரை. கீரனூரிலிருந்து புதுக்கோட்டை வரும் ரோட்டில் ஈ காக்கை இல்லை. மலையாண்டி பைக்கை முறுக்கிக்கொண்டு வருகிறான். என் மச்சினனுடைய கூட்டாளி, பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அவன் பெண்டாட்டி செவந்தி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழாம் கட்டிலில் கிடக்கிறாள். அங்கே கடிகார மெக்கானிக்கே இவன்தான். கீழே ஆபீஸில் ஒரு மாஸ்டர் கிளாக். நிமிடத்துக்கு ஒரு தரம் அது ஒயரில் கரண்டைத் தட்டிவிடும். வார்டு வார்டாக நாற்பது கடிகாரமும் ஒன்றாக 'டக்'கென்று நகரும். மணியும் அது சொன்னால்தான் அடிக்கும்.

சொல்லாமலே அடித்தது... மூன்று ராத்திரியாக, மூன்று பத்துக்கு. முதல் நாள் மணி அடித்ததும் நாலாம் கட்டில் ஆள் காலி. மறுநாள் ஐந்து. நேற்று ஆறு. மாஸ்டரைத் திறந்து திறந்து பார்த்தான். அந்த நேரத்துக்கு மணியே வைக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவனை நர்ஸ் ஷர்லிதான் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. வந்துருங்கண்ணே."

ஓடிவந்து ஆபீஸைத் திறந்தான். மூன்று எட்டு. டக்... மூன்று ஒன்பது. "கருப்பா, காப்பாத்துய்யா!" என்று ஒயரைப் பிடுங்கினான். கட்டடமே மூச்சடங்கியது. மேலே ஸ்ட்ரெச்சர் சக்கரம்... கிறீச்... கிறீச்... ஏழாம் கட்டிலுக்கு நேரே வந்து நின்றது.

மாடிக்கு ஓடினான். ஆளும் இல்லை, ஸ்ட்ரெச்சரும் இல்லை. பினாயிலை மீறி ஈரமண் வாடை. செவந்திக்கு மூச்சு இருந்தது. அவள் காலைக் கட்டிக்கொண்டு, "போயிராதடி..." என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

விடிந்ததும் மேனேஜர் கத்தினார். "டூட்டி மாத்தணும், கிளாக்கை ஓட்டுய்யா!"

சனியன் அங்கேதான் பிடித்தது. மாஸ்டரை ஓட்டினால் விட்டுப்போன நிமிடம் ஒவ்வொன்றாக ஓடித்தான் சரியான நேரத்துக்கு வரும். மூன்று பத்தைத் தொடாமல் எந்த முள்ளும் தாண்ட முடியாது. மலையாண்டி என்ன செய்தான் தெரியுமா? செவந்தி தலைமாட்டுக் கடிகாரத்தின் ஒயரை வெட்டி, கடிகாரத்தைக் கழற்றித் தோள் துண்டில் சுருட்டிக்கொண்டு, பிறகுதான் மாஸ்டரைப் போட்டான். டக்டக்டக்டக்... நடுவில் மூன்று பத்தைத் தாண்டும்போது மணி அடித்தது. யாரும் சாகவில்லை.

இது நடந்து பத்து மாதம். போன வாரம் என் மச்சினன் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான். சுவரில் அதே கடிகாரம், மூன்று ஒன்பது. செவந்திதான் காபி கொடுத்தாள். கையில் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு... அந்த ரத்தம் இன்னும் காயவில்லை.

மலையாண்டி கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்துக் கிட்டே வந்தாள்.

"அண்ணே, அவுககிட்ட சொல்லிறாதீங்க... அந்த முள்ளைக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன். என் கை பட்டா நகர மாட்டேங்குது. வலி தாங்க முடியலண்ணே."

மச்சினன் காபியை வைத்துவிட்டு வெளியே பாய்ந்தான். வாசலில் அவள் காலையில் போட்ட கோலம். அதன் குறுக்கே ஈரச் சக்கரத் தடம்... படி வரைக்கும் வந்து நின்றிருந்தது.