வைரஸ் கழுவும் மருமகள்

மரபணுச் சிகிச்சை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை வாசித்து முடித்துவிட்டதாக மன்னார் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். உண்மையில் இன்றைக்கும் பதினோராம் பக்கத்தில்தான் நிற்கிறேன். போர் முடிந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த காலத்தில், அதை மடியில் விரித்தபடி முருங்கன் வழியாகப் பஸ்ஸில் போனபோது, முன் இருக்கையில் ஒரு கலியாணப் பேச்சு நடந்தது.

"வைரஸ் கழுவுற பிள்ளையை எப்பிடியண்ணை மருமகளா எடுக்கிறது? பயமாக் கிடக்கு," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

பெண்ணின் தகப்பன் கமக்காரர். "பயப்பிடாதேங்கோ தங்கச்சி. மகள் இருக்கிற கனடாவிலை வைரஸின்ரை நோய் தாற பகுதியை எடுத்துப்போட்டு, உள்ளுக்கை நல்ல மரபணுவை வைக்கினம். பரம்பரை வருத்தம் உள்ள பிள்ளையளுக்கு ஏத்துற மருந்து. ஆனால் கனக்க, உள்ளுக்கை மரபணு இல்லாமல் வெறுங்கோதா வருமாம். அதைப் பிரிக்கிறதுதான் மகளின்ரை வேலை."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

"நாங்கள் விதைநெல்லை உப்புத்தண்ணியிலை போடுறமெல்லே, அப்பிடித்தான். பாரமான உப்புத்தண்ணி, மெசின் சுத்தோ சுத்தெண்டு சுத்தும். உள்ளீடில்லாத சப்பி மேலை, நிறைஞ்ச மணி கீழை."

"அட, எங்கட வேலை!" அந்த அம்மா கைதட்டினார். "நாங்கள் முட்டை மிதக்குதோ எண்டு பாத்தெல்லே உப்புப் போடுறம். அங்கையும் முட்டையோ?"

"நானும் கேட்டனான். சிரிச்சுப்போட்டு ஃபோனை வைச்சிட்டாள்."

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லி, நாள் பார்க்கவும் சொன்னார்.

பெண்ணின் தகப்பன் முருங்கனில் இறங்கிப் போனார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் தகப்பன் மனைவியிடம் மெல்லச் சொன்னார்:

"எல்லாம் சரி. எங்கட மகனை அந்தத் தண்ணியிலை போட்டால் மிதப்பான்."