பிங் கண்ணம்மா

கரண்ட் வரும்வரை கதைதானே? சரி. எல்லோரும் போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கிட்ட வாருங்கள். இது நம் உதயகுமாரின் தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. பெயர் கஜபதி. உதயகுமாரிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவார். உதயகுமார் இன்றைக்கு வரவில்லை, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

மணி ஏழு, ஏழேகால் இருக்கும். ஐப்பசி மழை. பட்டாபிராமில் மிலிட்டரி சைடிங் ரயில் பாதையை ஒட்டி ஒரு ரோடு போகிறதே… ஒரு பக்கம் நீள மதில், இன்னொரு பக்கம் வேலிக்காத்தான் முள். நடுவில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. அம்பத்தூரில் வேலை முடித்து கஜபதி அந்த வழியாகத்தான் வண்டியில் வருகிறார். வானத்தில் பளீரென்று ஒரு வெட்டு. பின்னாலேயே டமார்… தூரத்தில் தெரிந்த வீட்டு விளக்கெல்லாம் ஒரே நொடியில் போயின.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வண்டியை ஓரங்கட்டி எடுத்துப் பார்த்தார்.

'கண்ணம்மா பதில் சொல்லவில்லை.'

கண்ணம்மா அவர் மனைவி. போன வருஷம் இதே ஐப்பசியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை.

முறைக்காதீர்கள், சொல்கிறேன். கஜபதி நம்ம கட்சி. நம் கம்ப்யூட்டர் கூட்டத்தைப் போலவே லினக்ஸ் சாப்ட்வேர்ப் பைத்தியம். என் வீட்டுப் பொருள் அடுத்தவன் கம்ப்யூட்டரில் எதற்கு என்று கேட்கிற ஆள். ஆவடியில் ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, உப்பிப்போன பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, லினக்ஸ் ஏற்றி, பீரோ பக்கத்தில் ராத்திரி பகலாக ஓடும் சர்வராக வைத்திருந்தார். மனைவி போனபின், அவள் இவருக்குப் போனில் அனுப்பிய குரல் செய்திகள் அத்தனையையும் அதில் ஏற்றினார். 'மாமா, சாப்ட்டியா', 'மாமா, வர்றப்ப பால் வாங்கினு வா'… அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஏற்றி முடித்ததும் போனில் இருந்ததை அழித்தார். எவன் எவன் கம்பெனியிலோ கிடந்ததையும் தேடிப்பிடித்து அழித்தார். மிச்சம் ஒரே ஒரு காப்பி.

ஒரு காப்பி என்றால் காப்பியே இல்லை என்று அர்த்தம். நம் கூட்டத்துக்கு முதல் நாள் வருகிறவனுக்கே இதைத்தான் சொல்லித்தருகிறோம். உதயகுமாரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"இன்னொரு டிஸ்க்ல காப்பி எட்து எங்க ஊட்ல வெய்யி மாப்ள. நாளைக்கே இடி வுழுந்தா இன்னா பண்ணுவ?"

"என் பொண்டாட்டி கொரலு உன் ஊட்ல எதுக்கு மச்சான்? என் ஊட்லயே இருக்கட்டும்."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். பேரே கஜபதி, என்ன செய்வது.

அதோடு விட்டாரா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், உட்கார்ந்து சர்வரின் பெயரை மாற்றினார். கண்ணம்மா. அவர் போனுக்கு ஏற்கெனவே கஜபதி என்று பெயர். இரண்டும் எந்த ஊரில் இருந்தாலும் பெயர் சொன்னால் போதும், ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்படி இணைத்தார். போனில் தானாக ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் எழுதினார். நிமிஷத்துக்கு ஒருமுறை அது பிங் அடிக்கும். பிங் என்றால் வேறொன்றுமில்லை. 'கண்ணம்மா, இருக்கிறாயா?' என்று கூப்பிடுவது. உயிரோடிருக்கிற மிஷின் யாரையும் கேட்காமல் 'இருக்கிறேன்' என்று தானாகச் சொல்லும். அந்தப் பதில் வந்துசேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதும் தெரியும். நின்றுபோன சர்வர் திரும்பி வந்தால் போனில் காட்ட ஒரு வாசகம் வேண்டுமே… 'இருக்கிறேன்' என்பதையே அவள் பேச்சில் எழுதி வைத்தார். 'கீறேன் மாமா.'

நாமும்தான் சர்வருக்குப் பெயர் வைக்கிறோம். நாய்க்குட்டி பெயர், ஊர்ப் பெயர், பிடித்த நடிகை பெயர். செத்தவள் பெயரை வைத்து, ஒரு வருஷம், விளக்கு வைக்கிற நேரம் நடுராத்திரி என்று பார்க்காமல், நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர் இவர் ஒருத்தர்தான்.

இப்போது அந்தக் கண்ணம்மா பதில் சொல்லவில்லை. லேப்டாப்பில் பேட்டரி கிடையாது. யூ.பி.எஸ். அடுத்த மாசம் வாங்கலாம் என்று விட்டிருந்தார். இடி இறங்கி டிஸ்க் போயிருந்தால் அவள் குரல் போச்சு. இரண்டாவது தடவையும் அவளைச் சாகவிட அவரால் முடியாது. வண்டியை முறுக்கினார்.

தெருமுனையில் திரும்பும்போது போன் மறுபடி அதிர்ந்தது.

'கீறேன் மாமா.'

அப்பாடா, கரண்ட் வந்துவிட்டது என்று தலையைத் தூக்கினார். தெரு முழுக்க இருட்டு. ஒரு வீட்டில்கூட விளக்கில்லை.

பூட்டைத் திறந்தார். முதலில் வந்தது வாசனை… கருகிய பிளாஸ்டிக். அதற்கு உள்ளே இன்னொன்று. கோடாலித் தைலம். காய்ச்சலில் கிடந்தபோது கண்ணம்மா நெற்றியில் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவள் போனபின் அந்த வீட்டில் தைலப் புட்டி என்று ஒன்று கிடையாது.

டார்ச் அடித்துப் பார்த்தார். சார்ஜர் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. ரவுட்டரில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. லேப்டாப் மேல் கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. உள்ளே விசிறி ஓடவில்லை. மொட்டைமாடித் தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் மட்டும்… கொடகொட… கொடகொட.

போனில் இன்னொரு பதில் வந்தது.

நாம் என்னென்ன யோசிப்போமோ எல்லாவற்றையும் யோசித்தார். வேறு ஏதாவது மிஷின் அதே பெயரில் இருக்குமோ? எப்போதோ வந்த பதிலைப் போன் இப்போது காட்டுகிறதோ? கடைசியில் ஸ்குரூ டிரைவரை எடுத்து, லேப்டாப்பைத் திருப்பி, டிஸ்க்கையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இனி பதில் சொல்ல அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

பதில் வந்தது.

வந்துசேர்ந்த நேரத்தைப் பார்த்தார். முதல் பதில் ரொம்பவே தாமதம்… எங்கோ நினைத்துப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து வந்த மாதிரி. அடுத்தது கொஞ்சம் சீக்கிரம். அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். ஏதோ ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது.

நீங்களோ நானோ என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்போம். கஜபதி என்ன செய்தார் தெரியுமா? பேக்கப் எடுத்தார். கண்ணம்மாவில் இருப்பதெல்லாம் கஜபதிக்கு வரட்டும் என்று போனில் கட்டளை அடித்தார். இடது கையில் கழற்றின டிஸ்க். வலது கையில் போன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை… அப்புறம் ஒவ்வொரு ஃபைலாக வர ஆரம்பித்தது. இருட்டில் தரையில் உட்கார்ந்து அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். பயத்தில் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் உதயகுமார் கூப்பிட்டான்.

"மாப்ள, உங்க பக்கம் இடி எறங்கிச்சாமே. எல்லாம் நல்லா கீதா? நான் கரையான்சாவடில கெளம்பிட்டேன்."

"கண்ணம்மா வந்துகினு கீறா மச்சான். பாதிக்கு மேல வந்துட்டா."

உதயகுமார் ஒவ்வொன்றாகக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கினான். அவன் குரல் மாறிப்போயிருந்தது.

"டிஸ்க்க கைல வெச்சிகினு இன்னா மாப்ள பேசுற? மொதல்ல அந்தக் கூப்புடுறத நிறுத்து. போனவள இப்டியா பேர் சொல்லி கூப்டுகினே இருப்பாங்க?"

"காப்பி முடியட்டும் மச்சான். அப்பால நிறுத்திடுறேன்."

"அவ என் தங்கச்சி. அவ கொரல கேக்க எனக்கு ஆசை இல்லியா? வேணாம் மாப்ள. நான் வர்ற வரிக்கும் யார் உன் பேர சொல்லி கூப்டாலும் வாய தொறக்காத. மூணு தபா கூப்டாதான் மனுசன். அது மூணாவது தபா கூப்டாது. பதில் குடுத்தா கூடவே ஒட்டிக்கும்."

காப்பி முடிந்தது. ஒரு ஃபைல்கூட விட்டுப்போகவில்லை. சொன்னபடியே கஜபதி ஸ்கிரிப்ட்டை அழித்தார். போன் அடங்கியது. ஒன்றை எடுத்துக் கேட்டார். 'மாமா, மழ வருது, மெதுவா வா.' அவளேதான். இனி எது எரிந்தாலும் கவலையில்லை. போனை மடியில் வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

தைல வாசனை மூக்கை எரித்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில்…

"கஜபதி."

அவள் குரல்தான். ஆனால் உயிரோடிருந்தவரை கண்ணம்மா அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கஜபதி இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். முனகக்கூட இல்லை. உதயகுமார் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே இருந்துவிடலாம் என்று நினைத்தார்.

மடியில் கிடந்த போன் தானாக வெளிச்சம் போட்டது. யாரோ பிங் அடித்திருக்கிறார்கள். கூப்பிட்டால் பேசாமல் இருக்க மிஷினுக்கு எங்கே தெரியும்? திரையில் இரண்டே வரி.

'கண்ணம்மா: கஜபதி, இருக்கிறாயா?'

'கஜபதி: இருக்கிறேன்.'

அந்தக் குரல் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.